பொதுக்கொள்கைக்கு முன் பொதுச்சட்டம்

தமிழ் முதுகலை முடிக்கும் மாணவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு புதிய விருப்பம் தலைதூக்கியிருப்பதைக் காண்கிறோம். ஆசிரியப் பணி, ஊடகம், குடிமைப் பணித் தேர்வு ஆகிய பழகிய வழிகளுக்கு அப்பால், ‘பொதுக்கொள்கை’ என்னும் துறைக்குள் நுழைய வேண்டும் என்று சிலர் கேட்கத் தொடங்கியுள்ளனர். அரசின் ஆய்வுப் பிரிவுகள், தொண்டு நிறுவனங்கள், மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்கள் எனப் பல இடங்களில் இத்துறைக்கு ஆட்கள் தேவைப்படுவது உண்மை. அவர்களுக்குப் பொதுவாகத் தரப்படும் அறிவுரை புள்ளியியல் படியுங்கள், பொருளியல் படியுங்கள், முடிந்தால் மேலாண்மைப் பட்டம் ஒன்றும் பெறுங்கள் என்பதாகவே இருக்கிறது. இவை எதுவும் தவறில்லை. ஆயினும் முதலில் படிக்க வேண்டியது பொதுச்சட்டம் என்பதே நம் கருத்து. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அது மற்றவர்களைக் காட்டிலும் அணுக்கமான படிப்பு என்றும் கருதுகிறோம். அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்க விழைகிறோம்.

பொதுச்சட்டம் என்று நாம் குறிப்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை வகுக்கும் சட்டத்தை. அரசமைப்புச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் அதன் இரு தூண்கள். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை என்றால் அது தனியார் சட்டம். அந்த நிலத்தையே சாலைக்காக அரசு எடுத்துக்கொள்கிறது என்றால் அது பொதுச்சட்டம். யாருக்கு எந்த அதிகாரம், அதை எந்த முறையில் செலுத்த வேண்டும், எல்லை மீறினால் யாரிடம் முறையிடுவது என்னும் மூன்று கேள்விகளுக்குள் அத்துறை ஏறத்தாழ அடங்கிவிடும். கொள்கை வகுப்பவர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் கேள்விகளும் இவையே.

எடுத்துக்காட்டாக, நம் மாநிலத்தில் ஒரே ஆட்சிக் காலத்தில், ஆறு மாத இடைவெளிக்குள் நிறைவேறிய இரு சட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான மருத்துவக் கல்வி ஒதுக்கீடு. நீட் தேர்வு நடைமுறைக்கு வந்த பின் மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கலையரசன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அது அரசுப் பள்ளி மாணவர்களின் சமூக, பொருளாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநரின் இசைவு வாரக்கணக்கில் வரவில்லை. மாணவர் சேர்க்கையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையில் அக்டோபர் 29 அன்று, அரசமைப்பின் 162ஆம் உறுப்பு தரும் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு, அதே ஒதுக்கீட்டை அரசாணையாகவே அரசு வெளியிட்டது. மறுநாள் ஆளுநர் இசைவளித்தார்.

இரண்டாவது, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காட்டுக்குள் வன்னியகுல சத்திரியர்களுக்கு 10.5 விழுக்காட்டைத் தனியே பிரித்துத் தந்த சட்டம். மீதம் ஏழும் இரண்டரையுமாகப் பிற சமூகங்களுக்குப் பங்கிடப்பட்டது. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதிகள் அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரங்களுக்கு முன்னர் இது சட்டமன்றத்தில் நிறைவேறியது.

2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் 10.5 விழுக்காட்டுச் சட்டம் செல்லாது என்றது. அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 7 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் 7.5 விழுக்காட்டுச் சட்டம் செல்லும் என்றது. இந்த வேறுபாட்டுக்கு நீதிபதிகளின் மனப்போக்கைக் காரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. தீர்ப்புகளை வாசித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். உள் ஒதுக்கீடு வழங்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறவில்லை; அதிகாரம் உண்டு என்றே கூறியது. ஒரே பட்டியலில் உள்ள 115 பிற சமூகங்களினின்று ஒரு சமூகத்தைப் பிரித்துக் காட்டுவதற்குப் போதிய, அண்மைக்காலத் தரவு எங்கே என்றுதான் கேட்டது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கை மட்டும் விடையாக ஏற்க மறுத்தது. மறுபுறம், 7.5 விழுக்காட்டுக்குப் பின்னால் ஓர் ஆணையமும் அதன் ஆய்வும் இருந்தன.

அச்சமூகத்தின் கோரிக்கை நியாயமானதா என்பது இங்கே நம் விவாதப் பொருள் அன்று. அது தனியே, பொறுப்புடன் பேசப்பட வேண்டியது. கோரிக்கை நியாயமானது என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் சட்டமாக்கிய விதம் அதைக் காப்பாற்றவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. ஒரு தலைமுறையாக எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஓராண்டு நம்பிக்கையும் அதன்பின் ஏமாற்றமும் மிஞ்சின. சட்டத்தின் வரைவு மேசையில் இருந்தவர்களுள் எவரேனும் ‘இந்தத் தரவு நீதிமன்றத்தில் நிற்குமா?’ என்று வற்புறுத்திக் கேட்டு, அக்கேள்வி செவிமடுக்கப்பட்டிருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரைத்தான் பொதுச்சட்டக் கல்வி உருவாக்குகிறது.

முதல் எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் உண்டு. சட்டம் தெரிந்தவர்கள் ‘முடியாது’ என்று சொல்வதற்கே பயன்படுவார்கள் என்னும் எண்ணம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. ஆளுநரின் இசைவுக்குக் காத்திராமல் அரசாணை வழியே செயல்படலாம் என்று கண்டது சட்டம் அறிந்த மூளைதான். அதன் வேர் 1955ஆம் ஆண்டின் ராம் ஜவாயா கபூர் வழக்கில் இருக்கிறது. பஞ்சாப் அரசு பள்ளிப் பாடநூல்களைத் தானே வெளியிடத் தொடங்கியதை எதிர்த்துப் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கு அது. சட்டமன்றம் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களில், அதற்கு முரணாகாத வரை, நிர்வாகம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அன்று விளக்கியது. பாடநூல் வியாபாரத்தைப் பற்றிய ஒரு பழைய தீர்ப்பு வகுத்த நெறி, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறக்க வழியாயிற்று.

இனி, தமிழ் படித்தவர்களுக்கு இப்படிப்பு அணுக்கமானது என்று நாம் சொன்னதற்கு வருவோம்.

சட்டம் படிப்பதென்பது பெரும்பகுதி உரை படிப்பதுதான். நூற்பா சிறிது, உரை பெரிது. ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார். சேனாவரையர் அதை மறுத்து வேறொன்று நிறுவுவார். நச்சினார்க்கினியர் மூன்றாவது வழியில் கொண்டுகூட்டுவார். தடையும் விடையும், மேற்கோளும் மறுப்பும், சொல்லெச்சமும் இசையெச்சமும் நம் மாணவர்களுக்கு வகுப்பறையில் பழகியவை. முப்பத்திரண்டு உத்திகளை மனனம் செய்தவர்கள், சட்டப்பொருள் காணும் நெறிகளை முதன்முதலாகப் படிக்கும்போது அந்நியமாக உணர மாட்டார்கள்.

அரசமைப்பின் 21ஆம் உறுப்பையே பார்ப்போம். சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரும் தன்னுரிமையும் பறிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். 1950இல், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எந்த நடைமுறையைச் சொல்கிறதோ அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை பொருள் கொண்டது. 1978இல், கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று அதே நீதிமன்றம் உரை கண்டது. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் அவ்வுறுப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உரை மாறியது, அதனால் ஒரு நாட்டின் குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு மாறியது. உரைவேறுபாட்டின் ஆற்றலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்றே தோன்றுகிறது.

ஒற்றைச் சொல்லின் முடிவிலும் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும். ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்தல் வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் ஒரு முதியவரின் உதவித்தொகை வருவதும் வராமற்போவதும் தீர்மானமாகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாதென்றதும், அவ்வாண்டு ஜூனிலேயே முதல் திருத்தத்தின் மூலம் 15(4)ஆம் உறுப்பு சேர்க்கப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. அவ்வுறுப்பு ‘இட ஒதுக்கீடு வழங்குக’ என்று அரசுக்கு ஆணையிடவில்லை. பிற்படுத்தப்பட்டோர் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது என்று மட்டுமே சொல்கிறது. தடை நீக்கம் வேறு, ஏவல் வேறு. வினைமுற்றின் வகை அறிந்தவர் இதை உடனே பிடித்துக்கொள்வார். நம் நாளிதழ்களோ மசோதாவையும் சட்டத்தையும், விதியையும் அரசாணையையும் ஒரே சொல்லால் குறித்துச் செல்கின்றன. சொல்லில் குழம்புகிறவர் அதிகாரத்திலும் குழம்புவார்.

நிர்வாகச் சட்டத்தின் தேவையை உணர நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நீதி வழுவிய அரசனின் கதையாகவே வகுப்பில் நடத்துகிறோம். அதை ஓர் ஆணை நிறைவேறும் வரலாறாகவும் வாசிக்கலாம். புகார் கூறியவன் சொல்லே சான்றாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவனிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. ஊடியிருந்த தேவியை நாடிச் செல்லும் அவசரத்தில் மன்னன் வாய்மொழியாகவே காவலரை ஏவுகிறான். களத்துக்குப் போன காவலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்கவும் செய்கிறார்கள். அவர்களைப் பேசிக் கரைப்பவன் புகார் கொடுத்த பொற்கொல்லனே. இறுதியில், எவருடைய தீர்ப்புக்கும் காத்திராமல் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான். தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது, மறுதரப்பைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது என்னும் இயற்கை நீதியின் இரு நெறிகளும் அங்கே ஒருசேர முறிகின்றன. மேலிருந்து வரும் ஆணை கீழே எந்தக் கையில் போய்ச் சேர்கிறது என்பதும் அந்தக் காதையின் பொருளே. கொள்கை வகுப்பவர் தலைநகரில் எழுதும் ஒரு வரியும் கடைசியில் ஒரு வட்டாட்சியர் அலுவலக எழுத்தரின் மேசையிலோ, ஒரு காவலரின் கைத்தடியிலோ சென்று முடிகிறது. அந்தக் கடைசிக் கைக்கு வரம்பு கட்டும் கலையின் பெயர்தான் நிர்வாகச் சட்டம்.

நம் நாட்டில் அந்த வரம்பு ஏட்டளவிலேனும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை 1997இல் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவை தொடர்பான உண்மைகளை வெளியிட வேண்டும் என்றும், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. யாரும் மனுப்போட்டுக் கேட்க வேண்டியதில்லை. தாமாகவே தெரிவிக்க வேண்டும். பொதுக்கொள்கை பேசும் நண்பர்களில் எத்தனை பேர் இப்பிரிவைப் படித்திருப்பார்கள் என்று எண்ணும்போது சற்றே வருத்தம் உண்டாகிறது.

நலத்திட்டங்களைப் பற்றிய நம் பேச்சும் பொதுச்சட்டம் அறிந்தால் மாறிவிடும். மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் ஆட்சி 1956இல் விரிவாகத் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். ஆட்சி 1982இல் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியதும் தமிழ்நாட்டின் பெருமைகள். ஆயினும் திட்டம் என்பது அரசு தரும் வரை உண்டு. 2001இல் மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைதான், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்பதை நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கியது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டில் 200 நாள்கள் என்று அளவையும் அது குறித்தது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குழந்தைகளின் உரிமையாக இடம்பெற்றது. அன்று முதல் தட்டேந்தி நிற்கும் குழந்தை எவருடைய கருணைக்கும் காத்து நிற்கவில்லை. சலுகையை உரிமையாக்கும் இந்தப் பயணத்தின் வழித்தடம் முழுவதும் பொதுச்சட்டத்தின் நிலப்பரப்பிலேயே செல்கிறது.

எதிர்வாதங்களும் உண்டு. நீதிமன்றங்கள் தவறே செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்திருக்கின்றன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகவும் உரிமையற்றவர்கள் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 2017இல் தனியுரிமை வழக்கில்தான் அத்தீர்ப்பு வெளிப்படையாகத் தூக்கியெறியப்பட்டது. சட்டம் படிப்பது நீதிமன்றத்தைத் தொழுவதற்காக அல்ல. எந்த இடத்தில் தீர்ப்பு வழுவியது என்று பெயர் சொல்லிக் காட்டும் திறனும் அப்படிப்பிலிருந்தே வருகிறது.

சட்டம் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது. 10.5 விழுக்காட்டு வழக்கில் நீதிமன்றம் கேட்டதே தரவைத்தான். புள்ளியியல் அறியாத சட்டப் பட்டதாரி அங்கே கைபிசைந்து நிற்பார். ஊருக்குள் நடந்து, மக்களிடம் பேசி அறியும் கள அறிவுக்கும் மாற்று இல்லை. ஆனால் எந்தத் தரவு தேவை, அதை எதற்காகத் திரட்டுகிறோம் என்னும் கேள்வியைச் சட்டமே முதலில் எழுப்புகிறது. ஆகவேதான் ‘முன்’ என்று தலைப்பிலேயே குறித்தோம்.

மூன்றாவது தடை மொழி. இதுவே நம் மாணவர்களை உண்மையில் அச்சுறுத்துவது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. இது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அநீதி நீங்கும்வரை காத்திருப்பது நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும். அரசமைப்பின் தமிழாக்கம் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் இந்திய மொழிகளில் வெளியிடப்படுகின்றன. தமிழ்ப் பிரதியையும் ஆங்கில மூலத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது, சங்கப் பாடலை உரையோடு படிப்பதைக் காட்டிலும் கடினமன்று. தொடக்கத்தில் ஒரு தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆகும்; ஆகட்டும்.

வழிகள் பல உள்ளன. எந்தத் துறைப் பட்டதாரியும், குறித்த மதிப்பெண் இருந்தால், மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக்கொள்கையில் முதுகலைப் படிப்பே நடத்துகிறது. பட்டம் பெற வசதியில்லாதவர்கள் அரசாணை ஒன்றையும், அதன் தாய்ச் சட்டத்தையும், அதன்மீது வந்த தீர்ப்பையும் வரிசையாக வாசித்துப் பழகலாம். சமச்சீர்க் கல்விச் சட்டம் அதற்கு நல்ல தொடக்கம். 2010இல் சட்டம், 2011இல் ஆட்சி மாறியதும் அதை ஒத்திவைக்கும் திருத்தம், அத்திருத்தத்தை ரத்து செய்த உயர் நீதிமன்றம், ஆகஸ்ட் 9 அன்று அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றம் என நான்கே ஆவணங்களில் ஒரு முழுப் பாடத்திட்டம் அடங்கியிருக்கிறது. அந்த ஆண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பாடநூல் இன்றிப் பள்ளிக்குச் சென்று திரும்பிய பிள்ளைகள் எந்தத் தரப்பின் வழக்குரைஞரும் அல்லர். கொள்கை சட்டத்தில் இடறும்போது விலை கொடுப்பவர்கள் எப்போதும் அவர்களே.

தமிழ்த் துறைகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. ஆட்சித்தமிழ் என்ற பெயரில் கடிதம் எழுதவும் குறிப்பு வரையவும் கற்பிப்பதோடு நின்றுவிடுகிறோம். ஓர் அரசாணையையும் ஒரு தீர்ப்பையும் வரிவரியாக வாசிக்கும் ஒரு தாளை முதுகலையில் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. கொள்கை வகுக்கும் அறைகளில் இன்று ஆங்கிலமும் எண்களும் தாராளமாக உலவுகின்றன. ஒரு சொல்லின் பொருளை இழுத்துப் பிடித்து, ‘இந்த வரி யாரை வெளியே நிறுத்துகிறது?’ என்று கேட்கும் வாசகர்கள் அங்கே குறைவு. அந்தப் பயிற்சி நம் துறைகளில் இருக்கிறது. அதைச் சட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவது நம் கையில் உள்ளது.